மலைமேல் ஏற்றுவதற்கு முன் ஓராண்டு அளந்து பாருங்கள்: நீலகிரியில் சுவடிக் காப்பகம் அமைக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு, நூலகக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அரிய நூல்கள், ஓலைச்சுவடிகள், பழைய புகைப்படங்கள், மலைமக்களின் கைவினைப் பொருள்கள் எல்லாவற்றுக்குமாக உதகமண்டலத்தில் ஒரு காப்பகம் அமைக்க முடிவு செய்திருக்கிறீர்கள். வரவேற்கிறோம். 1603இல் ஃபெனிசியோ பாதிரியார் மலையேறி வந்து தோடர்களைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த மலையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் எழுதியவை பெரும்பாலும் வெளியேதான் இருக்கின்றன. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் இங்குள்ள கல்வட்டங்களில் தோண்டியெடுத்த மண்பொம்மைகளைப் பார்க்க இன்றும் சென்னை அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். மலையின் பொருள் மலையில் இருக்கட்டும் என்ற உங்கள் எண்ணத்தில் எங்களுக்கு மறுப்பில்லை.

மறுப்பு வரிசையில்தான். கட்டடம் ஒப்படைக்கப்பட்டதும் கீழ்நாட்டுச் சேமிப்பிலிருக்கும் சுவடிக்கட்டுகளை ஏற்றிவிடுவது, அதோடு ஸ்கேனருக்கு டெண்டர் விடுவது, ஈரப்பதக் கட்டுப்பாட்டை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்வது என்று திட்டம் போகிறது. இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடல். முதலில் ஓராண்டு ஈரப்பதத்தை அளந்து பாருங்கள். பிறகு கூரையையும் சுவரையும் சரிசெய்யுங்கள். அதன்பின் மலையிலேயே இருக்கும் காகிதமும் படமும் துணியும் உள்ளே வரட்டும். ஓலை கடைசியில் ஏறட்டும். ஸ்கேனர் அதற்கும் பிறகு.

"ஊட்டிதானே, குளிர்ப் பிரதேசம், ஏ.சி. செலவே கிடையாது" என்பது கூட்டங்களில் சொல்லப்படும் முதல் வாதம். குளிர் நல்லதுதான். காகிதம் பழுப்பேறுவதும் பிலிம் கெடுவதும் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இந்த ஊரில் ஜூலை மாதம் சமையலறையில் புழங்கியவர்களுக்கு மறுபக்கம் தெரியும். உப்பு ஜாடியில் நீர் விடும். பொரித்த அப்பளம் இலையில் வைப்பதற்குள் நமுத்துப்போகும். தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிரும். பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் படரும். பெல்ட்டில் படர்வது தோல் கட்டடம் போட்ட புத்தகத்தில் படராதா?

கணக்கைப் பார்ப்போம். 20 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டரில் 17.3 கிராம் நீராவி தாங்கும். 10 டிகிரிக் காற்று 9.4 கிராம்தான் தாங்கும். பிற்பகலில் அறை 20 டிகிரி, கருவி 60 சதவீத ஈரப்பதம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வையிட வந்தவர் திருப்தியோடு கையெழுத்துப் போட்டுப் போவார். அப்போது காற்றில் இருப்பது கனமீட்டருக்கு 10.4 கிராம். விடிகாலையில் அறை 10 டிகிரிக்கு இறங்கினால் கனமீட்டருக்கு ஒரு கிராம் மிஞ்சிவிடும். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் அது ஒரு டம்ளர் தண்ணீர். அந்த ஒரு டம்ளரைத் தகரமும் வெளிச்சுவரும் சுவரோரப் புத்தகங்களும் பங்கு போட்டுக்கொள்ளும். மறுநாள் பத்து மணிக்கு வரும் ஊழியர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி நூறு இரவுகள் போக வேண்டும். பிறகு புத்தகத்தின் முதுகுத்துணியில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்கு வழி திறந்தாயிற்று. காகிதத்துக்கும் ஓலைக்கும் 45 முதல் 55 சதவீதம் நல்லது; 60ஐத் தாண்ட விடக்கூடாது. ஆனால் இந்த ஊரில் ஏற்ற இறக்கமும் ஒரு தொல்லை. ஜூனிலிருந்து நவம்பர் வரை இரண்டு பருவமழையும் மூடுபனியும் அடுத்தடுத்து வரும். ஜனவரி, பிப்ரவரியில் ராத்திரி உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில், காற்று காய்ந்து போகும். ஈரத்தில் உப்பிய ஓலை அப்போது சுருங்கும். ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கினால் துளையிலிருந்து விளிம்புவரை நார் வாக்கில் கீறல் விழும்.

அளப்பதற்குப் பெரிய செலவில்லை. தானாகப் பதிவு செய்யும் சிறு கருவிகள் பதினொன்று போதும்: அறைக்கு இரண்டாக ஐந்து அறைகளுக்குப் பத்து, வெளியே நிழலில் ஒன்று. ஒவ்வோர் அறையிலும் ஒன்றை நடுவிலும், மற்றொன்றை வடக்குப் பார்த்த வெளிச்சுவரின் கீழ்மூலையிலும் வையுங்கள். ஒற்றைக் கருவியைக் கதவுக்கு மேலே, கண்ணுக்கு அழகாக மாட்டிவிட்டு அதையே நம்புவது வழக்கம். கதவுக்கு மேலே இருக்கும் காற்று நன்றாகத்தான் இருக்கும். மூலைதான் உண்மை பேசும்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க ஆய்வகம் வேண்டாம். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை முக்கால் அளவு போடுங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். ஈரமணல் பதம் வர வேண்டும். உப்பு கரைந்து நீராகிவிட்டால் தப்பு. மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் ஒன்றாக வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் ராத்திரி முழுதும் விடுங்கள். உப்பு கருவியில் படக்கூடாது. காலையில் கருவி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், அந்தக் கருவியின் மேல் "5 கூட்டு" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். 10 டிகிரி ஆனாலும் 25 டிகிரி ஆனாலும் உப்பு இந்த எண்ணிலிருந்து நகராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

அடுத்து கட்டடம். மலையின் பழைய பங்களாக்களைப் போலத் தகரக்கூரையும் அதன்கீழ் மரப்பலகை மச்சுமாகக் கட்டியிருக்கிறீர்கள். பார்க்க அழகு. ஆனால் விடிகாலையில் தகரத்தின் அடிப்பக்கம் வேர்க்கும். அந்தத் துளிகள் மச்சின் மேல் விழுந்து பலகை இடுக்கு வழியாக இறங்கும். மழையே இல்லாத நாளில் மேல்தட்டுப் புத்தகம் நனைந்திருந்தால் ஓட்டையைத் தேடி ஆளை ஏற்றாதீர்கள். தகரத்துக்கும் மச்சுக்கும் நடுவே காற்று போகிறதா என்று பாருங்கள். கூரையோர மழைநீர் வடிகால்களை மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் சுத்தம் செய்ய வேண்டும். யூகலிப்டஸ் இலையும் சைப்ரஸ் சருகும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவருக்குள் திரும்பும். அடிச்சுவரில் ஓதம் ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். பெயிண்ட் ஓதத்தை இன்னும் ஓர் அடி மேலே தள்ளும், அவ்வளவுதான்.

அலமாரி வெளிச்சுவரிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். கீழ்த்தட்டும் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சூட்டில் பதப்படுத்திய பெயிண்ட் பூச்சுள்ள இரும்பு ரேக் நல்லது. புது பிளைவுட்டும் புது வார்னிஷும் அமில ஆவி விடும். ரேக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நகரும் நவீன அலமாரி இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் மூடிய ரேக்குகளின் நடுவே காற்று அசையாது. ஈரப்பதம் கைக்குள் வரும்வரை அதை வாங்க வேண்டாம். கண்ணாடிக் கதவு பீரோவும் அப்படியே.

இப்போது நாங்கள் அதிகம் பயப்படும் ஒரு பொருள்: வாசிப்பறையில் வைக்கப்போவதாகச் சொல்லும் கேஸ் ஹீட்டர். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். கை சூடாகும், புத்தகம் நனையும். வாசகர்களுக்குக் குளிர் பொறுக்காது என்பது நிஜம்தான். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் வையுங்கள். நனைந்த குடையும் ஸ்வெட்டரும் வாசலோடு நிற்கட்டும். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் பழக்கத்தைப் பொருளறையில் நிறுத்துங்கள். தூசியை இழுக்கும் இயந்திரம் போதும்.

அறையைக் கொஞ்சம் சூடாக்கினாலே சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். பாதி சரியாகும். வெளியே 12 டிகிரி, முழு ஈரம் என்றால், அதே காற்றை உள்ளே 18 டிகிரிக்கு ஏற்றினால் 70 சதவீதத்துக்கு இறங்கும். மேலும் சூடாக்கினால் குளிரால் கிடைத்த லாபம் போய்விடும். மீதி ஈரத்தை இயந்திரம்தான் எடுக்க வேண்டும். டெண்டரில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். சென்னையிலும் கோவையிலும் விற்கும் சாதாரண டீஹியூமிடிஃபையர் குளிர்பதனப் பெட்டி போல வேலை செய்வது. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சுருளில் பனி கட்டி, தண்ணீர் எடுப்பது நின்றுபோகும். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் பில்லும் ஓடும். மலைக்கு ஏற்றது சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் சுழலும் வகை. டெண்டர் படிவத்தில் "10 டிகிரியில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்" என்று கேளுங்கள். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் 30 டிகிரியில் அளந்தது. இந்தச் சக்கர இயந்திரத்தின் ஈரக்காற்றுக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போக வேண்டும். அறைக்குள்ளேயே விட்டால், எடுத்த ஈரத்தைத் திருப்பிக் கொட்டின மாதிரிதான். வாளியில் தண்ணீர் சேரும் வகையாக வாங்கினால் வாளியை எடுத்துவிட்டுக் குழாய் போடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வாளி நிறைந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும்; திங்கட்கிழமைதான் யாராவது பார்ப்பார்கள்.

ஓலைக்கு வருவோம். பனை இந்த மலையில் விளையாது. இங்கே வரப்போகும் சுவடிக்கட்டுகள் எல்லாம் கீழ்நாட்டு வெயிலுக்கும் வெக்கைக்கும் பழகினவை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 1,900 மீட்டர் அளவுக்கு ஏற்றம். இரண்டு, மூன்று மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறையும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஏற்றினால் பையின் சுவர் முதலில் குளிரும். உள்ளே இன்னும் சூடாக இருக்கும் ஓலையின் ஈரம் அதில் வேர்க்கும். ஒவ்வொரு கட்டையும் துவைத்துக் கஞ்சி போக்கிய காடாத்துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கம்பளியால் போர்த்தி ஏற்றுங்கள். வந்த பெட்டியை ஒரு நாள் முழுதும் திறக்காதீர்கள். சுற்றுவதற்குச் சிவப்புத் துணிதான் வழக்கம் என்பார்கள். சாயம் போகாத துணியா என்று ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்த்த பிறகு வழக்கத்தைக் காப்பாற்றலாம்.

கட்டை அவிழ்ப்பதற்கு முன் அது வந்த கோலத்திலேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். கயிறு, மேல் கீழ்ச் சட்டம், கயிற்று நுனியில் கட்டிய ஓலைத்துண்டான கிளிமூக்கு எல்லாம் அந்தச் சுவடியின் பகுதி; நைந்த கயிற்றைத் தூக்கிப் போடாதீர்கள், உறையில் போட்டு எண்ணிட்டு வையுங்கள். துளையில் செருகிய குச்சியான நாராசம் இரும்பாக இருந்தால் துருவேறி ஓலையைப் பிடித்திருக்கும். இழுத்தால் துளையோடு கிழியும். விரல்நுனியால் மெல்லத் திருகிப் பாருங்கள்; சுழன்றால் எடுக்கலாம், சுழலாவிட்டால் விட்டுவிடுங்கள். வெளியே எடுத்தபின் அதைத் திரும்பச் செருகாமல் மூங்கில் குச்சி போடுங்கள்.

சுத்தம் செய்ய ஒரு அங்குலப் பட்டைத் தூரிகை, மென்மையானது. ஓலையின் நடுவிலிருந்து நுனியை நோக்கி, நார் வாக்கில் தள்ள வேண்டும். குறுக்கே தேய்த்தால் மேல்தோல் உரியும். அடுத்து, எழுத்து எழுத்தாணியால் கீறியதா, மேலே மையால் எழுதியதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். மையெழுத்தையும் வண்ணப் படத்தையும் ஈரம் தொடவே கூடாது. கீறிய எழுத்தாக இருந்தால் மட்டும் எத்தனாலும் வடிநீரும் சரிபாதி கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, எழுத்தில்லாத ஓரத்தில் சோதித்துவிட்டு, நீளவாக்கில் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒற்றுத்தாளில் பரப்பி நிழலில் உலர விடுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் நெம்பாதீர்கள். மூடிய பெட்டியில் ஈர ஒற்றுத்தாளின் அருகில், அதில் படாமல் சில மணி நேரம் வைத்தால் இளகும். பிறகு மழித்த மூங்கில் பட்டையால் பிரிக்கலாம்.

எண்ணெய் பூசுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் கறாராகவே சொல்கிறோம். எலுமிச்சைப்புல் எண்ணெய் அல்லது சிட்ரோனெல்லா எண்ணெய் தடவினால் காய்ந்த ஓலைக்கு நெகிழ்வு வரும். கீழ்நாட்டு நூலகங்களில் அது நல்ல பழக்கம். ஆனால் "வருஷா வருஷம் எண்ணெய் போட வேண்டும்" என்ற விதியை மலைக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். ஈரக்காற்றில் எண்ணெய்ப் பசை தூசியைப் பிடிக்கும், தூசி ஈரத்தைப் பிடிக்கும், பூசணத்துக்கு விருந்து. வளைத்தால் முறியும் நிலையில் இருக்கும் ஓலைக்கு மட்டும், பஞ்சில் இரண்டு மூன்று சொட்டு. அரைமணி கழித்து மிச்சத்தை உலர்துணியால் எடுத்துவிடுங்கள். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நீலகிரித் தைலத்தை யாராவது சிபாரிசு செய்வார்கள். அது இரண்டு நாளில் ஆவியாகிவிடும். மணத்தைத் தவிர மிஞ்சுவது ஒன்றுமில்லை.

வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துச் சூடம் சேர்த்துக் கட்டிய துணிப்பொட்டலம் தஞ்சை சரசுவதி மகாலின் கைமுறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் பூச்சியை அண்டவிடாது. ஈரத்துக்கு அதனிடம் மருந்தில்லை. நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம். அது ஊழியரின் நுரையீரலுக்குப் போகிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுப் புகைமூட்டம் செய்யும் ஒப்பந்தக்காரர்கள் வருவார்கள். அந்தப் புகை செப்பை அரிக்கும். செப்பேடும் வெள்ளி கலந்த புகைப்படமும் இருக்கும் கட்டடத்தில் அவர்களை உள்ளே விடாதீர்கள். புதிதாக வரும் புத்தகத்திலும் கம்பளியிலும் இராமபாணமோ வண்டோ இருக்கும் என்று சந்தேகம் வந்தால், காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ்கிரீம் கடையில் இருக்கும் டீப் ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். கண்ணாடித் தகட்டில் எடுத்த பழைய படத்தையும் சட்டமிட்ட ஓவியத்தையும் இப்படி உறைய வைக்கக்கூடாது. புத்தகத்தில் வெளுத்த பொடிப்பேன் ஓடினால் மருந்தைத் தேடாமல் கருவியைப் பாருங்கள். அது பூசணத்தைத் தின்று வாழ்வது.

காகிதப் பகுதிக்கு எஸ்டேட் பேரேடுகளும் நிலவரைபடங்களும்தான் அதிகம் வரும் என்று நினைக்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மரக்கூழ்க் காகிதம் பரவியது. அதில் அமிலம் உள்ளேயே இருக்கிறது. பேரேட்டில் இரும்பு மை என்றால் எழுத்தின் விளிம்பில் பழுப்பு வளையம் தெரியும். அதை நனைத்தால் வளையம் பெரிதாகும். செலோடேப், பிளாஸ்டிக் லேமினேஷன், ஓரத்தை வெட்டி மறுகட்டடம் போடுவது, இந்த மூன்றையும் எழுத்து மூலமாகவே தடை செய்யுங்கள். கிழிசலுக்குச் சதுர மீட்டருக்கு 9 முதல் 12 கிராம் எடையுள்ள ஜப்பானியத் திசுத்தாளும், பசையம் நீக்கிய கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு வடிநீர், அரைமணி நேரம் கைவிடாமல் கிளற வேண்டும். நம் ஊர் பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். வருகைப் பதிவேட்டுக்கு அது சரி. செப்புச் சத்து காகிதத்தை எரித்த மாதிரி கருக்கிவிடும். அரிய நூலுக்குக் கூடாது. பசை மூன்று நாளைக்கு மேல் வைக்காமல் புதிதாகக் காய்ச்சுங்கள்.

படங்களில் மலைக்குத் தனிச் செல்வம் உண்டு. இந்து நகரில் பிலிம் ஆலை ஓடிய ஊர் இது; வீடுவீடாக நெகட்டிவ் இருக்கும். அசிடேட் பிலிம் டப்பாவைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால், அந்தப் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது; அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். உடனே தனியறைக்கு மாற்றி, முதலில் நகலெடுக்க வேண்டியது அதுதான். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நீளப்பக்கம் கீழே இருக்க, நிமிர்த்தி வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். ஈரம் ஏறினால் படத்தின் ஜெலட்டின் பளபளவென்று உறையோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் உறையோடு வரும். பிலிமுக்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்பதால் அதற்குத் தனிச் சிற்றறை ஒதுக்குங்கள். இந்த மலையின் குளிர் உண்மையில் உதவப்போவது அந்த அறைக்குத்தான்.

தோடர்களின் பூத்குளிச் சால்வைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லோரும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் மடித்து வைக்க ஆசைப்படுகிறார்கள். மடிப்பில்தான் நூல் அறும். அமிலமில்லாத குழாயில், தையல் வேலை வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டி, நடுவே துவைத்த காடாத்துணி வைத்து, மேலேயும் சுற்றுங்கள். காட்சிக்கு மூன்று மாதம் வைத்தால் அடுத்து நீண்ட ஓய்வு கொடுங்கள். தோடர்களின் பால்மனை அவர்களுக்குக் கோயில். அங்குள்ள கலங்கள் விலைக்கு வந்தாலும் வாங்குவதற்கு முன் மந்தின் (தோடர் குடியிருப்பின்) பெரியவர்களைக் கேளுங்கள். கோத்தர் இசைக்கருவிகளுக்கும், ஒப்பாரி பதிந்த ஒலிநாடாக்களுக்கும் இதுவே. பதிவேட்டில் "பழங்குடியினர் பொருள்" என்று எழுதி முடிக்காமல், செய்தவர், கொடுத்தவர், ஊர், அவர்கள் மொழியில் அதன் பெயர், யார் பார்க்கலாம் என்ற ஐந்தையும் எழுதுங்கள்.

2009 நவம்பர் மழையில் நீலகிரிச் சாலைகள் மண்சரிவால் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த புத்தகத்தில் 48 மணி நேரத்தில் பூசணம் தொடங்கும். கீழேயிருந்து ஆள் வருவார் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே அவசரத்துக்கு வேண்டிய பொருள்கள் மேலேயே இருக்க வேண்டும்: அச்சிடாத செய்தித்தாள் காகிதம் ஐம்பது கிலோ, ஒற்றுத்தாள், பாலித்தீன் தார்ப்பாய் பத்து, துளையிட்ட பிளாஸ்டிக் கூடை முப்பது, மேசை மின்விசிறி ஆறு, என் 95 முகக்கவசம் இரண்டு பெட்டி, ஒரு ஜெனரேட்டர். நனைந்த புத்தகத்தை விரித்து வெயிலில் வைக்காதீர்கள். பத்துப் பக்கத்துக்கு ஒரு தாள் செருகி, நிமிர்த்தி நிறுத்தி, காற்றை நேராக அடிக்காமல் அறைக்குள் சுழல விடுங்கள். பளபளப்பான ஆர்ட் தாள் புத்தகம் காய்ந்தால் ஒரே கட்டையாகிவிடும். அதை ஈரத்தோடேயே பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள், அவகாசம் கிடைக்கும். பூசணம் பிடித்ததை ஈரத்துணியால் துடைத்தால் உள்ளே தேய்த்துவிடுவீர்கள். முதலில் தனியே பிரித்து உலர்த்துங்கள். பிறகு நுண்வடிகட்டி உள்ள தூசு இயந்திரத்தால், திறந்த வெளியில் எடுங்கள்.

ஸ்கேனர் கணக்கையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் திட்டத்தில் சேமிப்பு வட்டுக்குப் பணமே இல்லை. 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலமுள்ள ஓர் ஏட்டை அங்குலத்துக்கு 600 புள்ளியில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஒரு பக்கம் 27 மெகாபைட் அளவு. 200 ஏடுள்ள கட்டுக்கு 400 பக்கம். கிட்டத்தட்ட 11 ஜிகாபைட். ஆயிரம் கட்டுக்கு 11 டெராபைட், மூன்று படிகளுக்கு 33. அளவுகோலும் வண்ண அட்டையும் சேர்த்து எடுத்தால் இன்னும் கூடும். மூன்றில் ஒரு படி மலைக்குக் கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்த வெளிச்சம் ஒன்று இருந்தால், மை போன கீறலெழுத்தும் நிழலில் தெரியும். கரி பூசிப் படிக்கும் அவசியம் பாதி குறையும். தாளைத் தானே உள்ளிழுக்கும் ஸ்கேனரை ஓலையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

படமெடுப்பவருக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், படிப்பவருக்கு ஒதுக்கவில்லை. பழஞ்சுவடியில் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும், ஏட்டெண் தமிழெண்ணில் இடது ஓரத்தில் இருக்கும். கட்டு கைமாறும்போது ஏடுகள் முன்பின்னாகியிருக்கும். இரண்டு நூல்கள் ஒரே கட்டில் கலந்திருப்பதும் சாதாரணம். இதைத் தரவு உள்ளீடு செய்யும் ஒப்பந்த ஊழியரால் பிரிக்க முடியாது. சுவடி படிக்கத் தெரிந்த ஒருவரை நிரந்தரப் பணியில் வையுங்கள். அவர் ஏட்டின்மேல் பேனா வைக்காமல், தனிச் சீட்டில் பென்சிலால் எண், நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, எத்தனை துளை, முதல் வரி, கடைசி வரி எழுதட்டும். ஒரு நல்ல ஸ்கேனர் ஒரு வருடம் காத்திருக்கலாம். அவர் வேலை நாளைக்கே தொடங்கலாம், கீழ்நாட்டில், சுவடி இப்போது இருக்கும் இடத்திலேயே.

தென்மேற்குப் பருவம் ஜூனில் தொடங்கிவிடும். மே மாதத்துக்குள் பதினொரு கருவிகளும் உப்புச் சோதனை முடிந்து சுவருக்குப் போயிருந்தால், அடுத்த மே மாதம் உங்கள் கையில் ஓராண்டுக் கணக்கு இருக்கும். எந்த அறையில் எதை வைக்கலாம் என்று அப்போது பேசலாம். காலி அறைகளின் சாவியைக் காவலாளியிடம் விட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை வந்து எண்களைக் குறித்துத் தர எங்களில் இருவர் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், மூலைக் கருவியை யாரும் இடம் மாற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
நூல் கட்டடம், சுவடிப் பராமரிப்பு, நூலகப் பணிகளில் இருக்கும் நண்பர்கள்
உதகமண்டலம்